கண்ணாடிக்கு உள்ளே கடல்

கேள்வி: கம்ப்யூட்டரில் ஓடும் மீன்தொட்டி ஸ்கிரீன்சேவரை டிவியில் போட்டு, அப்படியே ஆழம் தெரியப் பார்க்க முடியுமா சார்? வீட்டில் பழைய 3டி டிவி ஒன்று சும்மா கிடக்கிறது.

பதில்: தாராளமாக. அந்த டிவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. 'அவதார்' படம் வந்த சூட்டில் 2010-இல் பெரிய கம்பெனிகள் எல்லாம் 3டி டிவியோடு கடைக்கு வந்தன. 2016-இல் சாம்சங் விலகியது, அடுத்த ஆண்டே எல்ஜியும் சோனியும் விலகின. கதை முடிந்தது. ஆனால் உங்கள் வீட்டு டிவி இன்னும் தன் வேலையை மறக்கவில்லை. இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தரும் வசதி உள்ள ஸ்கிரீன்சேவர் வேண்டும். அதில் 'சைடு பை சைடு' அமைப்பைத் தேர்ந்தெடுத்து, எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். திரையில் இரண்டு ஒல்லித் தொட்டிகள் பக்கம் பக்கமாகத் தெரியும். ரிமோட்டில் 3டி பொத்தானை அழுத்தி அதே அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், டிவி இரண்டையும் அகலமாக்கி, 3டி கண்ணாடி வழியே ஒவ்வொன்றையும் ஒரு கண்ணுக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: யூடியூபில் அழகழகான மீன்தொட்டி வீடியோக்கள் இருக்கின்றன. ரிமோட்டில் '2டியை 3டி ஆக்கு' என்றும் ஒரு வசதி இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. ஒரே கேமராவில் எடுத்த படத்தில் இரண்டாவது கண்ணுக்கான செய்தியே இல்லை. டிவி ஊகிக்கத்தான் செய்யும். படத்தின் அடிப்பகுதி கிட்டே, மேற்பகுதி தூரே என்பது அதன் வழக்கமான ஊகம். தெருக்காட்சிக்கு அது ஒத்துவரும். தொட்டியிலோ, மேலே நீந்தும் மீன் கண்ணாடியை உரசிக்கொண்டும் போகும்.

மென்பொருளில் இருக்கும் மீன் வேறு சாதி. 1989-இல் வந்த 'ஆஃப்டர் டார்க்' ஸ்கிரீன்சேவரின் மீன்கள் தட்டைச் சித்திரங்கள். 2000-இல் ஜிம் சாக்ஸ் 'மரைன் அக்வேரியம்' கொண்டுவந்தார். அமிகா கணினிக்கு 'டிஃபெண்டர் ஆஃப் தி கிரௌன்' விளையாட்டின் படங்களை வரைந்த அதே ஓவியர். அவருடைய மீனுக்கு முதுகு உண்டு, வயிறு உண்டு, திரும்பினால் முகம் காட்டும். அப்படி முழு உருவமாக உள்ள மீனை, கண் இடைவெளி அளவு தள்ளி நின்று இன்னொரு முறை வரைந்தால் இரண்டாவது கண்ணுக்கான படம் தயார். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு மீன் திரையை விட்டு வெளியே வந்து மூக்கைத் தொட வேண்டும்! எந்த செட்டிங்?

பதில்: அந்த செட்டிங்கைத் தொடாதீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மூக்குக்கு முன்னே மிதக்கும் மீன் நீந்திக்கொண்டே திரையின் ஓரத்துக்கு வருகிறது. அதன் தலையை டிவியின் சட்டம் வெட்டுகிறது. சட்டமோ மீனுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை எப்படி மறைக்கும்? மூளை குழம்பும், ஆழம் உடைந்துபோகும், கண் வலிக்கும். சினிமாக்காரர்கள் மிகவும் அஞ்சும் தவறு இது.

மீன்தொட்டிக்கு அந்தச் சிக்கலே வரவேண்டியதில்லை. சட்டம்தான் தொட்டியின் விளிம்பு, திரைதான் முன்பக்கக் கண்ணாடி, கடல் முழுவதும் அதற்கு உள்ளே. ஓரத்தில் மீன் மறைந்தால், நிஜத் தொட்டியிலும் அப்படித்தானே மறையும். ஆகவே எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் வையுங்கள்.

கேள்வி: பின்னால் என்றால் எவ்வளவு பின்னால்? ஆழத்துக்கான ஸ்லைடரை முழுக்கத் தள்ளிவிடலாமா?

பதில்: கூடாது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். 55 அங்குல டிவி, நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்களுக்கு இடையே சுமார் 65 மில்லிமீட்டர். தொட்டியின் பின்சுவர் திரைக்கு 45 சென்டிமீட்டர் உள்ளே தெரிய வேண்டுமானால், இடக்கண் படமும் வலக்கண் படமும் திரையில் 10 மில்லிமீட்டர் விலகினால் போதும். 1920 புள்ளி அகலத்தில் வெறும் 16 புள்ளிகள்! 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள நிஜத் தொட்டியும், நீர் ஒளியை வளைப்பதால், நேர் எதிரே நின்று பார்த்தால் ஏறக்குறைய 45 சென்டிமீட்டராகத்தான் தெரியும். ஆக அந்த 16 புள்ளிக்குள் ஒரு நல்ல தொட்டி முழுசாக அடங்கிவிடுகிறது.

விலகல் 65 மில்லிமீட்டரைத் தாண்டினால் இரு கண்ணும் வெளிப்பக்கமாக விரிய வேண்டிவரும். மனிதக் கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தலைவலிதான் மிச்சம்.

கேள்வி: சோபாவைப் பின்னுக்குத் தள்ளினால் தொட்டி இன்னும் ஆழமாகத் தெரிகிறதே, பிரமையா?

பதில்: இல்லை, உண்மை. தூரம் இரட்டித்தால் ஆழமும் இரட்டிக்கும். மேலே சொன்ன அதே தொட்டி ஐந்து மீட்டரிலிருந்து 90 சென்டிமீட்டர் ஆழம் காட்டும்.

கேள்வி: ஒரு மீன் பவளத்துக்கு முன்னால் போகிறது, ஆனால் பவளத்துக்கு உள்ளே புதைந்தது போலத் தெரிகிறது. தலை சுற்றுகிறது.

பதில்: இடக்கண் படம் வலக்கண்ணுக்குப் போகிறது. 3டி மெனுவில் இட வல மாற்று இருக்கும். ஒரு தட்டு.

கேள்வி: 3டி கண்ணாடி போட்டதும் அறையே படபடவென்று மினுங்குகிறது. டிவி ரிப்பேரா?

பதில்: டிவியை விடுங்கள், மேலே டியூப்லைட்டைப் பாருங்கள். பழைய சோக் போட்ட டியூப்லைட் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். உங்களுடையது பேட்டரி போட்ட ஷட்டர் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் வினாடிக்கு 60 முறை திறந்து மூடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் 20 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று கண்ணில் படுகிறது. விளக்கை அணையுங்கள். எப்படியும் கண்ணாடி பாதி வெளிச்சத்துக்கு மேல் தின்றுவிடும், இருட்டறைதான் தொட்டிக்கு அழகு.

கேள்வி: சாதாரண டிவிதான் இருக்கிறது. சிவப்பு–நீலக் காகிதக் கண்ணாடி போதுமா?

பதில்: ஆழம் வரும், நிறம் போய்விடும். ஆரஞ்சு கோமாளி மீன் சிவப்புக் கண்ணில் பளிச்சென்றும் மற்றதில் கறுப்பாகவும் தெரியும். நீல மீனுக்கு நேர்மாறு. வண்ணத்துக்காகவே பார்க்கும் மீனை இப்படிப் பாழாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

காசில்லாத வேறொரு வழி சொல்கிறேன். இரு கண்ணும் திறந்திருக்க, இடக்கண்ணுக்கு மட்டும் கூலிங் கிளாஸின் ஒரு வில்லையைப் பிடித்துக்கொண்டு சாதாரண மீன்தொட்டி வீடியோவைப் பாருங்கள். இடமிருந்து வலம் போகும் மீன் திரைக்குள் இறங்கும், வலமிருந்து இடம் வருவது முன்னே மிதக்கும், வேகமாகப் போனால் இன்னும் அதிகம். மங்கிய ஒளியை அந்தக் கண் சற்றுத் தாமதமாக மூளைக்குச் சொல்வதுதான் காரணம். 1922-இல் இதை விளக்கிய ஜெர்மானியர் கார்ல் புல்ஃப்ரிஷ் அப்போது ஒரு கண் பார்வையை இழந்திருந்தார். தன் பெயரால் உலகம் அழைக்கும் காட்சியை அவரால் பார்க்க முடியவில்லை. இதை எழுதும்போதும் அது மனதை என்னவோ செய்கிறது. ஒன்று மட்டும்: அந்த ஆழம் மீன் போகும் திசையைப் பொறுத்தது, நிஜமான இடத்தை அல்ல. அசையாத பவளம் தட்டையாகவே நிற்கும்.

கேள்வி: பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

பதில்: படங்கள் பக்கவாட்டில் விலகியிருக்கின்றன, உங்கள் கண்களோ மேலும் கீழுமாக. நிமிர்ந்து உட்காருங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைத்துவிட்டேன். ஆனாலும் நிஜத் தொட்டி போல் இல்லை. என்ன குறை?

பதில்: உங்கள் கண் கூர்மையானது. நிஜத் தொட்டி முன் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தால், பாறைக்குப் பின்னால் ஒளிந்த மீனின் வால் தெரியும். டிவியில் எவ்வளவு நகர்ந்தாலும் அது தெரியாது. மாறாக, தொட்டி முழுவதும் உங்களோடு சேர்ந்து சாய்ந்து வரும். தலையின் அசைவை அறிந்து படத்தை மாற்றி வரைந்தால்தான் அந்தக் குறை தீரும். கனடாவில் கொலின் வேரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993-இல் இதையே சோதித்தார்கள். சிறு திரைக்குள் எட்டிப் பார்க்கும் அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயரே 'மீன்தொட்டி மெய்நிகர்'. தலையசைவு மட்டும், இரு கண் ஆழம் மட்டும் என்று தனித்தனியே பார்த்தபோது, தலையசைவுதான் கூடுதலாக உதவியது. இரண்டும் சேர்ந்தபோது, சோதனையில் பங்கேற்றவர்கள் செய்த தவறுகள் மிகவும் குறைந்தன. 2007-இல் ஜானி சுங் லீ என்ற ஆய்வாளர் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டை வைத்தே தலையைப் பின்தொடரச் செய்து காட்டினார். ஆனால் இது ஒருவருக்கு மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் தொட்டி ஆடிக்கொண்டிருக்கும். குடும்பமாகப் பார்க்க இரு கண் ஆழமே போதும் என்பது என் கட்சி.

கேள்வி: நான்கு வயதுப் பேத்திக்குக் காட்டலாமா ஐயா?

பதில்: கண்ணாடி இல்லாமல், 2டியில் காட்டுங்கள். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு 3டி வேண்டாம் என்று நின்டெண்டோவே தன் 3டிஎஸ் கருவிக்கு எச்சரிக்கை தந்தது. பேத்திக்குப் பார்வை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: இதற்காகவே ஒரு பழைய 3டி டிவி வாங்க நினைக்கிறேன். என்ன பார்த்து வாங்க?

பதில்: பிளாஸ்மா வேண்டாம். அசையாத பாறையும் பவளமும் நாள் முழுக்க நின்றால் திரையில் தழும்பு விழும். ஷட்டர் வகை என்றால், பேட்டரி உயிரோடு உள்ள கண்ணாடி கூடவே வருகிறதா என்று முதலில் கேளுங்கள். பேட்டரி இல்லாத கண்ணாடியோடு வரும் பாஸிவ் வகையில் வரிகள் பாதியாகக் குறையும், ஆனால் மினுக்கல் கிடையாது. 'ரியல்டி' முறையில் 3டி படம் காட்டும் தியேட்டரில் தரும் லேசான கண்ணாடியே அதற்குப் பொருந்தும், வீட்டில் எல்லோருக்கும் ஒன்று கொடுக்கலாம். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணாடி மாட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மீன்தொட்டிக்கு பாஸிவ்தான் என் தேர்வு.