சல்லிவன் துரையும் சுமேரு லைவும்

நீலகிரிக்கு முதல் லைவ் போட்டவர் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் ஆள் அம்போடு மலையேறினார். குளிரில் பல் தந்தியடித்த நிலையிலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்று கீழே இருந்தவர்களுக்கு எழுதித் தள்ளினார். இன்றைக்கு ஒரு கேம் கம்பெனி புது மேப் விடும்போது என்னவெல்லாம் அளந்துவிடுமோ, அத்தனையும் அப்போதே அவர் கைவசம் இருந்தது. ரிங் லைட்தான் இல்லை.

அவருக்கும் முன்னால், 1603-லேயே, ஃபெனிசியோ என்று ஓர் இயேசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறி வந்தார். மலை மேல் காணாமல் போன கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ அவர் சபையிடம் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் தோடர்களும் அவர்களுடைய எருமைகளும். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் அறிக்கை எழுதினார். வியூஸ் சுத்தமாக இல்லை. அடுத்த இருநூறு வருஷம் ஐரோப்பாவில் ஒருவரும் லைக் போடவில்லை.

புது மேப் என்றால் லீக் ஆகாமல் இருக்குமா? 1818-ல் ஆனது. விஷ், கிண்டர்ஸ்லி என்று சல்லிவனின் இரண்டு உதவியாளர்கள் முன்கூட்டியே மேலே போய்வந்துவிட்டார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திப் போனார்கள் என்பது ஒரு கதை, வேட்டைக்குப் போனார்கள் என்பது இன்னொன்று. எப்படியோ, கீழே வந்து குளிரைப் பற்றி அவர்கள் விட்ட பீலாவில்தான் துரைக்கே ஆசை வந்தது.

'கண்டுபிடித்த' இந்த மேப்பில் தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லோரும் ஏற்கெனவே லெவல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் என்பது அந்த லைவில் அடிக்குறிப்பாகத்தான் வந்தது. ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் நிலம் வாங்கி, 1822 வாக்கில் ஊட்டியில் கல்பங்களா கட்டத் தொடங்கினார் சல்லிவன். இன்றைக்கு அந்த வளாகத்தில் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. பிறகு வரிசையாக அப்டேட்: ஏரி, உருளைக்கிழங்கு, இங்கிலீஷ் காய்கறி. ரயிலை மட்டும் கேட்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் விடலாம் என்று பேச்சு எழுந்தது 1854-ல். வேலை தொடங்கியது 1891-ல். ஊட்டி வரைக்கும் முடிந்தது 1908-ல். ஐம்பத்து நாலு வருஷம்! இரண்டு வருஷத் தாமதத்துக்கே கம்பெனியைச் சபிக்கிற என் தம்பி போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தம்பியின் சாபத்துக்குக் காரணம் ஜென்ஷின் இம்பாக்ட். 2020 செப்டம்பரில் வந்த அந்தக் கேமில் ஏழு சக்திகள் என்றார்கள். நெருப்பு, நீர், காற்று, மின்னல், பனி, பாறை என்று ஆறு கைக்கு வந்தன. ஏழாவதான டெண்ட்ரோ, அதாவது புல் பூண்டு சக்தி, நமக்கு மட்டும் கிடைக்கவில்லை. எதிரே வந்து அடிக்கிற பச்சைக் கூழ் உருண்டைக்கு இருக்கும், காசு போட்டு ஆடுகிறவனுக்கு இருக்காது. இந்த அநியாயம் ஏறக்குறைய இரண்டு வருஷம் நடந்தது. கடைசியில் 2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, 3.0 பதிப்பின் அறிமுக லைவ் என்று அறிவித்தார்கள். புது நாடு வருகிறது, பெயர் சுமேரு, முதலில் வரும் பகுதி மழைக்காடு.

காலமும் வாகாக அமைந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமுக்கு இந்தியாவில் தடை. ஜூலை 28-ல் அதே வகைக் கேமான பிஜிஎம்ஐ-யும் காணாமல் போனது. லைன் வீட்டுப் பையன்கள் அத்தனை பேரும் துப்பாக்கி பிடுங்கப்பட்ட பட்டாளம் போலத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். "பொம்மைப் பொண்ணுங்க கேம்" என்று அதுவரை ஜென்ஷினைக் கிண்டல் செய்தவன்கூட அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே, எஸ்டேட் லைன். ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் சிக்னல் மூன்றாம் நம்பர் மலைப் பாறை மேல் மட்டும்தான். அந்தப் பாறையில் சாயந்திரமானால் காட்டெருமை வந்து நிற்கும். கேமில் இதைத்தான் பாஸ் ஃபைட் என்பார்கள். தம்பி வேறு வழி செய்தான். சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாளும் வீட்டுக்கு வீடு தேசியக்கொடி ஏற்றச் சொல்லியிருந்த நேரம். எங்கள் கூரையிலும் கொடி ஏறியிருந்தது. அதன் பக்கத்திலேயே தம்பி இன்னொரு மூங்கிலை நட்டு, பழைய போனை பிரெட் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, உச்சியில் கட்டி ஹாட்ஸ்பாட் போட்டான். வழியில் போன சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்து, "அது எந்த நாட்டுக் கொடிடா?" என்றார். "சுமேரு சார்" என்றான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நம்ம நேரப்படி 5.30-க்கு ட்விட்ச்சில் வந்தது. எங்களுக்கு வட்டம் சுற்றியது. கருப்புத் திரையில் வெள்ளை வட்டம், ரொம்ப நேரம். அம்மாயி கட்டஞ்சாயாவும் வறுக்கியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுதான் படமா?" என்றார். பொறுத்தது போதும் என்று மழையே இரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டபோது காடு தெரிந்தது. 160பி தரத்தில் காடு. சதுரம் சதுரமாகப் பச்சை. எது மரம், எது காளான், எது கதாநாயகன் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஆனாலும் பையன்கள் "ஆ" என்று வாயைப் பிளந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், நிஜமான சோலைக்காடு முழு எச்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருத்தன் பார்க்கவில்லை.

"இது நம்ம மூணாம் நம்பர் மலைதானே?" என்றார் அம்மாயி.

"இல்ல அம்மாயி, இது வேற நாடு. மழைக்காடு."

"அட்டை இருக்கா அங்க?"

தம்பி யோசித்தான். காளான் துள்ளுகிறது, நரிக்காது வைத்த டிக்னாரி என்பவர் அம்பு விடுகிறார், மரத்துக்குள்ளே பல்கலைக்கழகம் இருக்கிறது. அட்டை இல்லை.

"அட்டை இல்லாத மழைக்காடா? எவனோ உங்களை ஏமாத்துறான்டா."

அதற்குப் பிறகு அந்தக் கேமை ஆயிரம் பேர் விமர்சித்திருக்கிறார்கள். இவ்வளவு கச்சிதமாக ஒருவரும் சொன்னதில்லை. அவர்கள் சொன்னதில் நியாயமான ஒன்று நிறத்தைப் பற்றியது. இந்தியா, பாரசீகம், எகிப்து எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக் கலந்த நாடு, பெயரோ மேரு மலையின் பெயர். அறிமுகமானவர்களில் முக்கால்வாசிப் பேர் வெயிலே படாமல் வளர்ந்த வெளுப்பு. கொழுந்து பறிக்க ஒரு நாள் விட்டால் சாயங்காலம் சரியாகிவிடும்.

அம்மாயிக்குப் புது நாட்டு அறிவிப்பு என்றாலே ஆகாது, அதற்குக் காரணம் உண்டு. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கு. அதில் ஓர் ஆள் அம்மாயி. பிறந்தது நுவரெலியா பக்கம், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து குன்னூர். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே இங்கே தேயிலை நட்டது. அதுதான் டேன்டீ.

"எங்களுக்கும் இப்படித்தான்டா சொன்னாங்க. சொந்த நாடு, வீடு, வேலை, எல்லாம் இருக்குன்னு. படம்கூடக் காட்டல, வாயாலயே காட்டினாங்க. வந்து எறங்குனா அதே மலை, அதே கொழுந்து, அதே கூடை. குளுருகூட அதேதான்."

"மேப் ரீஸ்கின் பண்ணியிருக்காங்க" என்றான் தம்பி. அம்மாயிக்கு அது புரியவில்லை. திட்டுகிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தார்.

லைவின் உயிர்நாடி நாடும் இல்லை, கதையும் இல்லை. நடுநடுவே திரையில் காட்டுகிற மூன்று கோடுகள்தான். எழுத்தும் எண்ணும் கலந்த பரிசுச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் பிரைமோஜெம் என்ற கேம் காசு நூறு, ஒரு நாளுக்குள் காலாவதி. முதல் கோடு வந்த நொடியில் படம் உறைந்தது. நல்லதுதான், எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தால், உறைந்தது கோட்டின் மேல் அல்ல, பேசிக்கொண்டிருந்தவரின் பாதி திறந்த வாய் மேல். இரண்டாவது கோடு தெரிந்தது. அதில் இருப்பது எட்டா பி-யா என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவதுக்குள் மூங்கில் சாய்ந்துவிட்டது. இரவு 9.30-க்கு யூடியூபில் மறுபடி போட்டார்கள். அதற்குள் சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் மூன்றையும் மெசேஜில் அனுப்பிவிட்டதால், மூன்று மணி நேரம் நனைந்த போருக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

கையில் முந்நூறு பிரைமோஜெம். புது ஆளோ ஆயுதமோ விழ ஒரு தடவை குலுக்க நூற்றறுபது வேண்டும். அதாவது ஒன்று குலுக்கலாம், இரண்டாவதுக்கு இருபது குறையும். கணக்குப் போட்டு வைத்தவன் கங்காணி வம்சமாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு குலுக்கில் ஐந்து நட்சத்திர ஆள் விழ வாய்ப்பு 0.6 சதவீதம்.

தம்பி சாமி படத்தைப் பார்த்தான். பையன்கள் மூச்சைப் பிடித்தார்கள். அழுத்தினான். எரிகல் நீல நிறத்தில் விழுந்தபோதே கதை தெரிந்துவிட்டது. வந்தது மூன்று நட்சத்திர ஆயுதம், ஒரு கவண்.

அம்மாயி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"நல்லதாத்தான் குடுத்திருக்கான். கேரட் தோட்டத்துல கொரங்கு தொல்லை தாங்கல. அதை எப்படிடா வெளிய எடுக்கிறது?"