எவ்வளவுக்குப் போட்டீங்க?

விமான டிக்கெட் வேட்டையர், ஊருக்குப் போக வேண்டியிருப்பதால் டிக்கெட் தேடுபவர் அல்லர். டிக்கெட் சல்லிசாகக் கிடைத்துவிட்டதால் ஊருக்குப் போகிறவர். கையில் உண்மையிலேயே காசில்லாதவர்களை இந்த இனத்தில் காண முடியாது. அவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, தூங்கி, விடியற்காலையில் மதுரையில் இறங்கிவிடுகிறார்கள். வேட்டையர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர், நாற்பதைத் தாண்டியவர், வீட்டுக் கடனை முடித்தவர் அல்லது முடிக்கப்போகிறவர். பெண்களும் உண்டு. காரியத்தை ஓசைப்படாமல் முடித்துவிடுவதால் அவர்கள் கண்ணில் படுவது குறைவு.

இந்தியாவில் இவ்வினம் தோன்றி அதிக காலம் ஆகவில்லை. 1953ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் உள்நாட்டு வானத்தை இந்தியன் ஏர்லைன்ஸுக்கு எழுதிக் கொடுத்திருந்த நாட்களில், ஒரு தடத்துக்குக் கட்டணம் என்று ஒன்று இருந்தது. கட்ட முடிந்தவர் கட்டினார். முடியாதவர் மீனம்பாக்கத்தில் நின்று கையசைத்துவிட்டு வீடு திரும்பினார். அந்தச் சட்டம் 1994இல் நீங்கியது. 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்க, சில ஆண்டுகளில் ஒரு ரூபாய் டிக்கெட்டும் வந்தது. வேட்டையர்களுக்கு அதுதான் தலபுராணம். ஏர் டெக்கான் கிங்ஃபிஷரோடு கலந்தது, கிங்ஃபிஷரும் 2012இல் பறப்பதை நிறுத்தியது. ஆயினும், ஒரு ரூபாய்க்குப் பறந்த ஒருவரைத் தமக்கு நேரில் தெரியும் என்று சொல்லாத வேட்டையர் இல்லை. வரியும் கட்டணங்களும் தனி என்ற பகுதி மட்டும் தலபுராணத்தில் விட்டுப்போயிருக்கிறது.

எதிரணியான விமான நிறுவனங்களின் விலைக் கணக்கு இவ்வினத்தைவிட வயதில் மூத்தது. அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்தபின், பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் முளைத்துப் பெரிய நிறுவனங்களின் பயணிகளை அள்ளத் தொடங்கியது. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்கு ஒரு மாற்று கண்டது. சில இருக்கைகளை மட்டும் போட்டிக்காரரின் விலைக்கே, முன்கூட்டி வாங்குபவருக்குக் கொடுத்தது. மீதியைக் கடைசி நேரத்தில் ஓடிவரும் கம்பெனிக்காரர்களுக்காகப் பழைய விலையிலேயே வைத்துக்கொண்டது. எத்தனை இருக்கையை எந்த விலைக்கு விடுவது என்று கணக்குப் போட்டது கணினி. 1987இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இல்லை.

அந்தக் கணக்கின் வாரிசுகள்தான் இன்று எல்லா விமானங்களிலும் வேலை செய்கின்றன. முழங்கால் இடிக்கும் அதே இருக்கைகள் பல விலைப்படிகளாகப் பிரிக்கப்பட்டு, படிக்கு ஓர் ஆங்கில எழுத்து கொடுக்கப்படுகிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தால் மேல்படி திறக்கும். விற்பனை மந்தம் என்றால் மூடிய கீழ்ப்படி மறுபடி திறக்கும். வேட்டையரைக் கெடுத்தது இந்த மறுதிறப்புதான். ஒரே ஒரு முறை விலை இறங்கக் கண்டவர், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இறங்கும் என்று காத்திருந்து, ஏறிய விலையில் வாங்குகிறார்.

வேட்டையரின் சித்தாந்தம் விரிவானது. முதல் கோட்பாடு, விமான நிறுவனம் தம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பது. ஒரே டிக்கெட்டை மூன்று முறை தேடினால் "இவருக்கு அவசரம்" என்று கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடுவார்களாம். அதனால் உலாவியில் மறைவுச் சாளரத்தைத் திறந்து, போதாதென்று மனைவியின் கைபேசியில் தேடி, அதுவும் போதாதென்று மாடி வீட்டு வைஃபையில் தேடுகிறார். இந்த நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடையாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒப்பீட்டுத் தளம் காட்டியது சற்றுமுன் எடுத்துவைத்த பழைய விலை, சொடுக்கிய நேரத்தில் கீழ்ப்படி தீர்ந்து போயிருக்கிறது. யாரோ ஒருவர் வாங்கிவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்வதைவிட, ஒரு நிறுவனமே தம்மைக் குறிவைத்திருக்கிறது என்று எண்ணுவது மனசுக்கு இதமாக இருக்கிறது போலும்.

இரண்டாம் கோட்பாடு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பது இவர்கள் வட்டாரத்தில் பஞ்சாங்கத்துக்குச் சமம். விலையை அதிகம் நிர்ணயிப்பது வாங்கும் கிழமை அல்ல, பறக்கும் கிழமை. வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் ஊரே கிளம்புகிறது. செவ்வாய், புதனில் விமானம் காற்றாடுகிறது. இதைச் சொன்னால் வேட்டையர், "அதத்தான நானும் சொல்றேன், செவ்வாய்க்கிழமைன்னு" என்று முடித்துவிடுவார்.

ஒரு வித்தையில் மட்டும் இவரை மெச்ச வேண்டும். குடும்பத்தோடு நால்வருக்கு ஒன்றாகத் தேடினால், நான்கு இருக்கையும் கிடைக்கும் படியின் விலையைத்தான் கணினி காட்டும். கீழ்ப்படியில் இரண்டே இரண்டு மிச்சமிருந்தால், அந்த இரண்டையும் விட்டுவிட்டு நால்வருக்கும் மேல்படி விலையைப் போட்டுவிடும். வேட்டையர் முதலில் ஒருவருக்குத் தேடுவார், பிறகு இருவருக்கு. விலை எங்கே தாவுகிறதென்று கண்டு, இரண்டிரண்டாக வாங்குவார். இது மெய்யாகவே பலிக்கும். இதில் மிச்சமானதைப் பற்றிப் பிற்பாடு பேசிப் பேசியே மாய்வார் என்பது வேறு.

வாங்கும் சடங்கு இரவு பதினொரு மணிக்குமேல் நடக்கும். தேடலில் தெரிந்த விலை, கடைசித் திரைக்கு வருவதற்குள் உடம்பு போட்டுவிடுகிறது: இருக்கைக்கு ஒரு தொகை, காப்பீட்டுக்கு ஒன்று, கேட்காமலே டிக் போட்டு வைத்த ஏதோ ஒன்று, எல்லாம் முடிந்தபின் 'கன்வீனியன்ஸ் ஃபீ'. வேட்டையர் ஒவ்வொரு டிக்கையும் பேன் பார்ப்பதுபோல் பார்த்து எடுப்பார். கன்வீனியன்ஸ் ஃபீயை மட்டும் எடுக்க முடியாது. இதில் யாருக்கு என்ன சௌகரியம் என்று ஒருமுறை உரக்கக் கேட்டுவிட்டு மேலே செல்வார். குறிப்பிட்ட ஒரு வங்கியின் அட்டைக்கு முந்நூறு ரூபாய் தள்ளுபடி என்று திரையில் எழுதியிருக்கும். அந்த அட்டை மனைவியின் தம்பியிடம் இருக்கிறது. பன்னிரண்டேகாலுக்குத் தூத்துக்குடியில் போன் அடிக்கிறது: "மாப்ளே, தூங்கிட்டியா? ஒண்ணுமில்ல, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, டக்குன்னு சொல்லு." ஓடிபி வருவதற்குள் நேரம் காலாவதியாகி, பக்கம் முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் விலை நூற்றைம்பது ஏறியிருக்கும். இது மாப்பிள்ளையின் தூக்கத்தால் வந்த நட்டமாகக் குடும்ப வரலாற்றில் பதியப்படும்.

பூகோள அறிவில் இவரை அடிக்க ஆளில்லை. சிங்கப்பூருக்குச் சென்னையில் விலை கூடுதலா, திருச்சி. அங்கும் கூடுதலா, கோலாலம்பூர் வழி. கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பேருந்து ஏறி, திருச்சியில் லாட்ஜில் குளித்து, ஆட்டோ பிடித்து விமான நிலையம் போய், அங்கிருந்து கோலாலம்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். பேருந்து, லாட்ஜ், ஆட்டோ, கோலாலம்பூரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து குடித்த காபி எல்லாவற்றையும் கூட்டச் சொன்னால் பதில் ஒன்றுதான்: "அது வேற கணக்கு." பெங்களூருக்கு நள்ளிரவில் சேரும் விமானத்தைச் சல்லிசாகப் பிடிப்பவர், தேவனஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு டாக்சியில் போகையில் டிக்கெட் விலையை இன்னொரு முறை கட்டுகிறார். அதுவும் வேற கணக்குதான். சென்னையில் இறங்கினால் பரவாயில்லை, திரிசூலம் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் மலிவு விமானங்கள் வந்திறங்கும் நேரத்தில் மின்சார ரயில்கள் ஓடுவதில்லை.

கையில் எடுத்துச் செல்ல ஏழு கிலோ என்பது விதி. இவர் வீட்டில் கொக்கி போட்ட சிறு தராசு ஒன்று உண்டு. எட்டே கால் காட்டினால் பெட்டியிலிருந்து ஜீன்ஸ் வெளியே வந்து வேட்டையரின் இடுப்பில் ஏறும். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரும் ஏறும். சார்ஜரும் அல்வாப் பொட்டலமும் சட்டைப் பைக்குள் போகும். எடையைத் தம் உடம்புக்கு மாற்றிக்கொண்டதால் விமானத்துக்கு ஒன்றும் குறையவில்லை என்றாலும், அவருக்குக் குறைந்திருக்கிறது. இருக்கைக்கும் காசு கொடுப்பதில்லை. கணினி தானாகக் கொடுக்கும் நடு இருக்கைகளில் கணவர் ஐந்தாம் வரிசை, மனைவி இருபத்தாறு. 2024இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளையைப் பெற்றோரில் ஒருவருக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வேட்டையர் குடும்பங்களில் பையன்கள் வெகுகாலம் பன்னிரண்டிலேயே நிற்பது அதற்குப் பிறகுதான்.

விமானம் மேலெழுந்து, பெல்ட் விளக்கு அணைந்து, புளியோதரை டப்பா திறந்ததும் அந்தக் கேள்வி வரும். "சார், எவ்வளவுக்குப் போட்டீங்க?" பக்கத்து சீட்காரர் அதிகம் சொன்னால் வேட்டையர் அனுதாபத்தோடு ஒரு கரண்டி புளியோதரை கொடுப்பார். குறைவாகச் சொன்னால் மூடியைப் போட்டுவிட்டு, எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்த அட்டையில் என்று விசாரணை நடக்கும். இவை இரண்டையும்விட மோசமான மூன்றாவது பதில் ஒன்று உண்டு: "தெரியல சார், ஆபீஸ்ல போட்டாங்க." விலை தெரியாமலே ஒரு மனிதர் வானத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்பதை வேட்டையரால் சென்னை வரும்வரை ஜீரணிக்க முடியாது.

டிக்கெட் வாங்கியபின் விலை பார்ப்பதை நிறுத்துகிறவர் வேட்டையர் அல்லர். இறங்கியிருந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது. ஏறியிருந்தால் ஏறிய விலை தெரியும் திரையைப் படம் பிடித்து உறவினர் குழுவில் போடுவார். பயணம் ரத்தானாலும் இவருக்கு வேலை இருக்கிறது. திருப்பித் தரப்படாத டிக்கெட்டாக இருந்தாலும், விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது இந்திய விதி. பெரும்பாலோர் அதைக் கேட்பதில்லை. இவர் கேட்பார், எழுதுவார், மறுபடி எழுதுவார், வாங்கிவிடுவார். பொதுமக்களுக்கு இவ்வினத்தால் நேரும் நன்மை இது ஒன்று.

காலப்போக்கில் சொந்தபந்தமெல்லாம் இவரிடம்தான் டிக்கெட் யோசனை கேட்கும். கல்யாணம், காதுகுத்து, அமெரிக்காவில் பேரப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் தேதி குறிப்பதற்குமுன் இவரைக் கலந்தாலோசிப்பார்கள். ஐப்பசி முகூர்த்தத்தைத் தீபாவளி விலை காரணமாகக் கார்த்திகைக்குத் தள்ளச் சொன்னதும் உண்டு. ஆனால் முன்கூட்டித் தேதி குறிக்க முடியாத பயணங்களும் இருக்கின்றன. பறக்கும் அன்றே வாங்குபவர்கள் ஒப்பந்தத்துக்கோ துக்கத்துக்கோ போகிறவர்கள், விலை பார்க்க மாட்டார்கள் என்பதுதான் கணினியின் கணக்கே. விடியற்காலையில் டெல்லியிலிருந்து தம்பி மகன் அழைக்கிறான்: அம்மா வழித் தாத்தா தவறிவிட்டார், இன்றைக்கே மதுரை போக வேண்டும். பெரியப்பா உச்சுக்கொட்டுகிறார், நல்ல மனிதர் என்கிறார், பேசிக்கொண்டே கைபேசியில் தேடுகிறார். பதினெட்டாயிரம்.

"மூணு வாரம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறாயிரத்துல முடிச்சிருக்கலாமேப்பா."