அம்மா போட்ட கடை

பெண்டில் ஹில், சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்கம்மா அங்க ரோட்டோரத்துல கடை போட்டிருக்காளா?” என்று நீங்கள் அனுப்பிய குரல்பதிவை வீட்டில் எல்லோரும் கேட்டாயிற்று. உங்கள் மருமகள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிக்கிறாள். அது கடை இல்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்த காரியம். போனில் விளக்கினால், “சரி சரி, காசு போகுது” என்று பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் தங்கச்சி வீட்டுப் பிரீசரில் தொடங்குகிறது. அடிலெயிட்டில் அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை. இங்கே சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளுக்கொரு சட்டியோடு வந்து நிற்க யாரும் இல்லை. ஆகவே பிள்ளை பிறக்குமுன்பே சமைத்து உறையவைத்துக்கொள்வது வெள்ளைக்காரர் வீடுகளிலும் உள்ள வழக்கம்தான். மருமகள் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அம்மா அதை அரசாங்க அறிவித்தலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே பெண்டில் ஹில் கடைத்தெரு. நம்ம ஊர்ச் சாமான் எல்லாம் இங்கே கிடைக்கும். ரம்பை, கறிவேப்பிலை, துருவி உறையவைத்த தேங்காய்ப்பூ, டின்னில் அடைத்த பிஞ்சுப் பலாக்காய். அம்மா ஒரு டின்னைத் தூக்கி, விலையை மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றி, “இந்தக் காசுக்கு ரத்தோட்டையில மரத்தையே வாங்கலாமே” என்றார். பிறகு கூடை நிறைய வாங்கினார். மிளகும் கராம்பும் சாதிக்காயும் மட்டும் வாங்கவில்லை. அவை மாத்தளையிலிருந்து அவர் பெட்டியிலேயே வந்திருந்தன. விமானத்தில் கொடுத்த அட்டையில் எல்லாவற்றுக்கும் “ஆம்” என்று போட்டு, அதிகாரி முன்னால் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் காட்டி, முறைப்படி கொண்டுவந்த சரக்கு.

அதற்குப் பிறகு அடுப்படி அம்மாவின் ஆட்சிக்குப் போய்விட்டது. உருளைக்கிழங்கு கூடாது, உறைந்து இளகினால் பஞ்சாகிவிடும். தேங்காய்ப்பாலை இப்போதே விட்டால் திரிந்துபோகும். ஆகவே கறியைப் பால் விடாமல் கெட்டியாக இறக்கி, பையின் மேல் “பால் பிறகு” என்று எழுத வேண்டும். எழுதும் உத்தியோகம் உங்கள் மகனுக்கு. ஆறிய கறியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உள்ளங்கையால் காற்றை வழித்து வெளியேற்றி, வாயை மூடி, தட்டில் படுக்கவைத்துத் தட்டையாக்குவார். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும், உறைந்தபின் நிற்கவைத்து அடுக்கலாம். பூண்டு மிளகுக் கறி, கருவாட்டுக் குழம்பு, பத்தியத்துக்குக் கோழி. மருமகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சட்டம் ஒட்டியிருக்கிறாள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்த சாப்பாட்டைத் திரும்பக் குளிரவைக்கலாம். நாலு மணி நேரம் தாண்டினால் குப்பை. அம்மா அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். “அப்ப முத்துமாரியம்மன் தேருக்கு அன்னதானம் சாப்பிட்ட சனமெல்லாம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்பு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்.

இவ்வளவையும் விமானத்தில் ஏற்ற முடியுமா? காரில்தான் போக வேண்டும். சிட்னியிலிருந்து அடிலெயிட் ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நம்ம ஏ9 வீதி மொத்தமே 321. அதைப்போல் நாலு மடங்குக்கு மேல். ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு, கறிப் பொட்டலங்களை அடுக்கி, டேப் சுற்றிக் கிளம்பியாயிற்று.

வழியில் வாகா வாகா. ஊருக்கே அப்படித்தான் பெயர். அங்கே படிக்கும் சின்னம்மா மகன் வீட்டில் ஒரு நிறுத்தம். அவன் பிரீசரைத் திறந்தால் ஐஸ் கட்டியும் ஒரு பை பட்டாணியும். “ஏன்டா, இத வச்சா பட்டம் வாங்கப் போற?” என்று கேட்டபடி அம்மா ஒரு பெட்டியின் டேப்பைப் பிய்த்தார். தங்கச்சியின் பங்கில் ஒரு பகுதி அங்கேயே இறங்கியது. அந்தப் பையன் சந்தோஷத்தில் சட்டி கழுவினான்.

இனித்தான் நீங்கள் கேட்ட படம். வாகா தாண்டி ஹே என்ற ஊர்ப்பக்கம் ஒரே சமவெளி. மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. பொழுது போகாமல் அம்மா தன் துணிப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பச்சைக் கொச்சிக்காய், தக்காளி, கத்தரிக்காய், எலுமிச்சங்காய். எல்லாம் பச்சையாக, மகளுக்கென்று. உங்கள் மகனுக்கு வயிற்றைக் கலக்கியது. அடிலெயிட் இருக்கும் தென் அவுஸ்திரேலிய மாநிலத்துக்குள் இவை நுழையக் கூடாது. ரென்மார்க் ஊருக்கு முன்னால் யம்பா என்ற இடத்தில் 24 மணி நேரமும் சாவடி இருக்கிறது. வண்டியை நிறுத்தித் திறந்து பார்ப்பார்கள். கடை பில் காட்டினாலும் செல்லாது. ஒளித்துக் கொண்டுபோனால் சில நூறு டொலர் தண்டம்.

காரணம் ஒரு ஈ. பழ ஈ. பெண் ஈ பழத்தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு பழத்தைத் தின்றுவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் தோடம்பழமும் திராட்சையும் நம்பிப் பிழைக்கும் தோட்டங்கள் இருக்கின்றன.

“ஈக்கு றெக்கை இருக்குல்ல?” என்றார் அம்மா. “அது என்னா, சாவடிக்கா வந்து நிக்கும்?”

அந்த ஈ தானாகப் பறந்தால் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றர்கூடப் போகாது, கார் ஏறித்தான் தூரப் பயணம் போகும் என்று விளக்கியாயிற்று. அம்மா யோசித்தார். “பிடிச்சத என்னா செய்வான்?” தொட்டியில் போடுவான். “தொட்டியிலயா! கொச்சிக்காயவா!” அதற்குப் பிறகு பத்து மைல் பேச்சில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி. “சமைச்சதுக்கும் சட்டம் இருக்கா?”

சமைத்ததற்குத் தடை இல்லை. பச்சையாக இருந்தால் குற்றவாளி, வதங்கிவிட்டால் விடுதலை.

அப்படித்தான் மில்டுராவில், ஆற்றங்கரைப் பூங்காவில், அம்மா கடை போட்டார். இந்த நாட்டில் பூங்காக்களில் பொது அடுப்பு வைத்திருக்கிறார்கள். தட்டையான இரும்புப் பலகை, பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் மின்சாரத்தில் சுடும், காசு இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், மறுபடி அமுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பொத்தான் மீது நம்பிக்கை வரவில்லை. “நீ அதுலயே நில்லு” என்று உத்தரவு. அவுஸ்திரேலியாவில் பொறியியலாளராக இருக்கும் உங்கள் மகன், பொத்தானில் கை வைத்தபடி நின்றான். அம்மா சேலைக்கு மேல் மகனின் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டி சுடுகிற வேகத்தில் கத்தரிக்காயையும் தக்காளியையும் வதக்கினார். கொச்சிக்காயைப் போட்டதும் கிளம்பியது காரம். பக்கத்து அடுப்பில் சொசேஜ் சுட வந்த குடும்பம் வரிசையாக இருமியது. அம்மா ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு ரொட்டியில் கொஞ்சம் வதக்கல் வைத்து நீட்டினார். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார்கள். படம் எடுத்தது அந்த வீட்டுப் பையன்.

கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்த நம்ம சனமும் இப்படித்தான் வழியில் கல் கூட்டி உலை வைத்திருக்கும். 1880இல் மாத்தளைக்கு ரயில் வரும் முன்னே வந்தவர்கள். எத்தனையோ பேர் வந்து சேரவே இல்லை. அவர்களுக்குப் பொத்தானும் இல்லை, ஜக்கெட்டும் இல்லை. அம்மா அன்று அந்தக் கதையைச் சொன்னபோது இரும்புப் பலகை மறுபடி அணைந்திருந்தது.

யம்பாவில் அதிகாரி வண்டியின் பின்கதவைத் திறந்தார். பெட்டி பெட்டியாகப் பார்த்தார். எல்லாம் சமைத்தது. எலுமிச்சங்காய்கூடச் சாறாகிப் போத்தலில் இருந்தது. அம்மா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அதிகாரி திரும்பி நடந்து, வண்டியின் முன்பக்கம் வந்து நின்றுவிட்டார். அங்கே, சிட்னியில் கிளம்பும்போது திருஷ்டிக்கென்று அம்மா கட்டிய எலுமிச்சம்பழமும் கொச்சிக்காய்க் கோவையும் தொங்கிக்கொண்டிருந்தன.

தண்டம் போடவில்லை. சிரித்தபடி நூலை அறுத்துத் தொட்டியில் போட்டார். காரில் ஏறியதும் அம்மா சொன்னது: “போகட்டும். நம்ம கண்ணு அரசாங்கத்தோட கழிஞ்சிருச்சு.”

தங்கச்சி பிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பொட்டலங்களை அடுக்கும் வரைக்கும் சிரித்தாள். “பால் பிறகு” என்று எழுதியதை வாசித்ததும் அழுதாள். மில்டுரா வதக்கல் உறையவே இல்லை, அன்றிரவே முடிந்துவிட்டது.

அப்பா, இதற்குள் ஒரு மனக்குறையும் இருக்கிறது. அம்மாவுக்கு மூன்று மாத விசா. இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு 30 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வரலாம் என்று குடிவரவுத் திணைக்களமே சொல்கிறது. காசு கட்டும் விசாவுக்குத் தலைக்கு 40,000 டொலருக்கு மேல், அதற்கும் வருடக்கணக்கில் வரிசை. இப்போது விண்ணப்பித்தால் அம்மா 93 வயதில் வந்து நிரந்தரமாகச் சமைக்கலாம். நீங்கள் 98. இரண்டு பிள்ளைகள் இரண்டு மாநிலத்தில் சம்பாதிக்கிறார்கள், பெற்றவர்களைப் பொட்டலம் கட்டித்தான் வைத்துக்கொள்ள முடிகிறது.

ஒரு அவசர வேண்டுகோள். மாமா மகன் பேர்த்தில் இருக்கிறான் என்பதை அம்மா இன்னும் கவனிக்கவில்லை. அடிலெயிட்டிலிருந்து அது 2,700 கிலோமீற்றர், நடுவில் மரமே இல்லாத வெளி, எல்லையில் இதைவிடக் கறாரான சாவடி, அங்கே தேன்கூடக் கொண்டுபோக முடியாது. போனில் பேசும்போது அவன் பெயரை மறந்தும் எடுக்காதீர்கள். அவன் மெலிந்துபோனதாக யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்