அங்கிள், கொஞ்சம் ஃப்ரேமை விட்டு நகருங்க

போன ஞாயிறு காலை ஜிஎஸ்டி ரோட்டோர டீக்கடையில் நான் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கேமராவும் கையுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. வேடந்தாங்கலுக்குப் பறவை எடுக்கப் போகிற கூட்டம் வேறு. அவர்கள் லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும், மனிதர்களைச் சீண்ட மாட்டார்கள். இது தெரு எடுக்கிற கூட்டம். அதில் ஒரு பையன், "அங்கிள், கொஞ்சம் ஃப்ரேமை விட்டு நகருங்க" என்றான். ஏன் தம்பி என்றேன். "சட்டை டல்லா இருக்கு அங்கிள். கலர் செட் ஆகல." எனக்குப் பக்கத்தில் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த லாரி கிளீனர் ஆரஞ்சு பனியன் போட்டிருந்தார். அவரிடம் மட்டும், "அண்ணா, நீங்க அப்படியே இருங்க, செமையா இருக்கு."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ஒரகடத்தில் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் ஷேட் பார்ப்பது என் பிழைப்பு. லைட் பூத்தில் வைத்து, பம்பரின் நிறமும் கார் பாடியின் நிறமும் ஒரு நூல் விலகினாலும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள். அந்த ஆளுக்கே ரிஜெக்ட்.

சட்டை ஏன் டல் என்பதுதான் இன்னும் எரிகிறது. தெருவில் படமெடுக்கிறவன் யார் கண்ணிலும் படாத நிறத்தில் உடுத்த வேண்டும் என்று ஊர் உலகத்தில் உள்ள ஃபோட்டோகிராபர்களெல்லாம் சொல்லிச் சொல்லி, என் பீரோ முழுக்கச் சாம்பலும் கருப்பும். உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள், தெரியும். அந்தப் பையன்களும் கருப்பு டீஷர்ட்தான். கலருக்காக உயிரை விடுகிற அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல டீக்கடை முன்னால் நின்றோம்.

சமகாலக் கலர் ஃபோட்டோகிராபர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய மூன்று முக்கியமான விஷயங்களைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் நீலத் தகரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு காலி மனையைச் சுற்றி நீலத் தகர வேலி. காலை ஏழு மணி வெயில் அதில் சாய்ந்து விழும்போது பார்க்க வேண்டும். அதன் முன்னால் ஒரு சிவப்பு நடந்து போனால் போதும், படம் முடிந்தது. ஏன் சிவப்பு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் எங்கேயோ ஒரு சுவர் முன்னால் நின்றவர்தான்.

முதலில் வந்தது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வெளிர்நீல யூனிஃபார்ம். தகரத்தில் கரைந்து, தலையும் ஷூவும் மட்டும் தனியாக நடந்து போயின. அடுத்து சாம்பல் யூனிஃபார்ம். அடுத்து ஒளிரும் பச்சையில் சேஃப்டி ஜாக்கெட். அது கேமராவின் கண்ணைக் கெடுக்கிற நிறம். ஒரு பெண்ணின் கழுத்தில் ஐடி கார்டு நாடா சிவப்பு. அரை அங்குலச் சிவப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது, அத்தனையும் சிவப்பு, ஒரே வரிசை. விரல் ஷட்டரில். குறுக்கே ஒரு டிரெய்லர் வந்து நின்று, ரிவர்ஸ் எடுத்து, யோசித்து, மறுபடி ரிவர்ஸ் எடுத்தது. பிறகு தூரத்தில் ஓர் அம்மா, கருஞ்சிவப்புச் சேலை. வாருங்கள் தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன். தகரத்தை நெருங்கியதும் வெயிலுக்குக் குடை விரித்தார். கருப்புக் குடை, முழங்கால் வரை நிழல். பின்னாலேயே ஒரு மாடு. மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் இருந்தது, பச்சை.

இதற்குள் என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கைப்பை. அவரும் தகரத்தையே பார்த்தார். "நல்ல இடம் சார். கார்னர் பிட்டு." நான் படம் எடுக்க வந்தேன் என்றேன். "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. வீட்டம்மாகிட்ட காட்டணும்ல." இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் வேலியைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றால், ஒன்று மனை வாங்குபவர், இல்லை ரோடு அகலப்படுத்த அளக்க வந்தவர். மூன்றாவது சாதி கிடையாது. எதிர் வீட்டுப் பெரியவர் இரண்டாவது என்று முடிவு கட்டி, பட்டா நகலோடு இறங்கி வந்தார். தன் வாசற்படி எந்த வருஷம் கட்டியது என்று அவரும், சென்ட் விலை எங்கே போகிறது என்று இவரும் இரண்டு காதிலும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு டெலிவரிப் பையன் முழுச் சிவப்புச் சட்டையில் பைக்கில் போனான். படத்தில் விழுந்தது பின் சக்கரம்.

சரி, ஓம்சக்தி சீசன் வரட்டும் என்று மார்கழிக்குக் காத்திருந்தேன். சென்னைப் பக்கமிருந்து மேல்மருவத்தூருக்குப் போகிற செவ்வாடைப் பக்தர்கள் அத்தனை பேரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்தார்கள். வேனில், பஸ்ஸில், ரயிலில், அப்புறம் ஒரு பெரிய கூட்டம் நடந்தே, தகர வேலி ஓரமாக. கேட்டது ஒரு சிவப்பு. அம்மன் கொடுத்தது ஆயிரம். நீலம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. சீசன் முடிந்தபோது தகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

இப்படி ஒரு நிறத்துக்காகத் தவம் கிடக்கச் சொல்லி நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? கலர் ஃபோட்டோகிராபர் ரகுபீர் சிங் சொல்லவில்லை. ஜெய்ப்பூரில் 1942இல் பிறந்தவர். 1966இல் பிரெஞ்சு ஃபோட்டோகிராபர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கே படமெடுத்ததைக் கூட இருந்து பார்த்தவர். பார்த்துவிட்டு அவருடைய கருப்பு-வெள்ளையை அவருக்கே விட்டுவிட்டார். இந்தியாவைக் கலரில்தான் பார்க்க முடியும் என்று கடைசிவரை வாதாடினார். தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தனிப் புத்தகமும் போட்டார். 1999இல் இறந்தார். அவர் போன பிறகு 2002இல் வந்த புத்தகம்தான் எனக்கு உயிர்: முழுக்க அம்பாசடர் காரும் அதன் வழியே தெரியும் நாடும். கதவு, கண்ணாடி, பக்கவாட்டு மிர்ரர் என்று ஒரே படத்துக்குள் நாலு படம் இருக்கும். அவர் சுவர் முன்னால் நிற்கவில்லை. வண்டியை விட்டுக்கொண்டே போனார்.

அதே 1999இல்தான் எங்கள் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வெளியே வந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரிலிருந்து கார்கள் போயின. ஐகான் கண்ணாடி வழியே ஊரைப் பார்த்து யாராவது ஒரு புத்தகம் போட்டார்களா? ஒருவரும் இல்லை. கேமரா தூக்கினவனெல்லாம் அறுபத்துமூவருக்கு மயிலாப்பூர், மீனுக்குக் காசிமேடு, பூவுக்குக் கோயம்பேடு. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற நூறு பெண்பிள்ளைகளை ஒரு பயல் எடுப்பதில்லை. ரோட்டில் கலர் இல்லையாம். இருக்காது. வாங்குகிறவர்களுக்கு வெள்ளை, சில்வர், கிரே தவிர வேறு ஆகாது. நாங்களும் அதையே அடித்து அனுப்புகிறோம். ஒரு லாட் சிவப்பு பம்பர் வந்தால் பெயின்ட் ஷாப்பில் அன்றைக்குத் திருவிழா.

சால் லெய்ட்டரும் வேறு மாதிரிதான் சொன்னார். நியூயார்க்கில் தன் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே காலம் தள்ளியவர். மழை, பனி, ஆவி படிந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் கலங்கலாக ஒரு குடை. நாற்பதுகளின் கடைசியிலேயே கலரில் எடுக்கத் தொடங்கியவருக்கு, 2006இல், எண்பது தாண்டியபிறகுதான் அந்தப் படங்கள் புத்தகமாகிப் பெரிய பெயர் வந்தது. நானும் கம்பெனி பஸ் ஜன்னலில் முயன்றேன். அவர் ஊரில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. ஆவி உள்பக்கம் படியும், விரலால் துடைத்துக்கொள்ளலாம். நமக்கு உள்ளே ஏசி, வெளியே புழுக்கம், ஆவி வெளிப்பக்கம். துடைக்க வேண்டுமென்றால் சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் இறங்கி ஏற வேண்டும். போதாததற்குப் பக்கத்து சீட்டு ஆள் தூக்கம் கெடுகிறது என்று திரையை இழுத்துவிடுவார்.

தேறின நாலு படத்தைப் பிரின்ட் போட மார்க்கெட் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். பாஸ்போர்ட் படத்தில் யாருக்கும் கோட்டு மாட்டிவிடுவதில் மன்னன். முதலில் லெய்ட்டர் படத்தை மொபைலில் காட்டி, இந்த மாதிரி டோன் வேண்டும் என்றேன். உற்றுப் பார்த்தார். "ஃபோகஸ் போயிருக்கே சார். ஷார்ப் பண்ணித் தரட்டா?" இன்னொரு கலர் ஃபோட்டோகிராபர் எக்கிள்ஸ்டனின் படத்தைக் காட்டினேன். 1973இல் எடுத்த அந்தச் சிவப்புக் கூரை, நடுவில் மொட்டை பல்பு, அதை நோக்கி வெள்ளை ஒயர்கள். "வீடு ஒசரமான வீடுதான். ஒயரிங்கை உள்ளே விட்டிருக்கலாம்." 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எக்கிள்ஸ்டன் கண்காட்சி வைத்தபோது பத்திரிகை விமர்சகர்கள் பத்தி பத்தியாகத் திட்டியதை இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பிறகு என் படங்களைப் பார்த்தார். நீலத் தகரம், அதன் முன்னால் தலையும் ஷூவும். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது.

"பேக்ரவுண்ட் நல்லா பிளெயினா இருக்கு சார். ஆளை எடுத்துட்டு இதை நான் வெச்சுக்கட்டுமா? பாஸ்போர்ட் படத்துக்கு ஆகும்."