வட்டம் போடாத எண்

வாரும் மாப்ளே, திண்ணையில நல்லா காத்து வருது, உக்காரும். கையில என்ன, பேப்பரா? ஓ, ரத்த ரிப்போர்ட்டா! ஆறு பக்கம்! உம்ம கல்யாணப் பத்திரிகைக்கே நாலு பக்கந்தான் அடிச்சோம்.

செவப்பு மையில ரெண்டு வட்டம் போட்டிருக்கீரு. எஸ்.ஜி.பி.டி. 68, ஜி.ஜி.டி. 92. பக்கத்துல ‘எச்’னு ஒரு எழுத்து. அதப் பாத்ததும் ராவோட ராவா லிவர் டானிக் வாங்கியாச்சாக்கும். பாட்டில்ல கீழாநெல்லிப் படம் வேற.

நான் டாக்டரு இல்ல. 32 வருசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை எண்ணின கம்பவுண்டரு. டாக்டருமாரு திட்டுன திட்டுல கொஞ்சம் படிச்சவன். குலுக்கையில எலி ஓட்ட போட்டா தரையில நெல்லு கெடக்கும்லா? எஸ்.ஜி.பி.டி.யும் அதுதான். ஈரல் செல்லுக்குள்ள குடித்தனம் பண்ண வேண்டிய நொதி. செல்லுல காயம் பட்டா ரத்தத்துல வந்து கெடக்கும். கெடக்குற நெல்லக் கூட்டி அள்ளிட்டா எலி போயிருமா? உம்ம டானிக்கு வெறும் வெளக்கமாறு, மாப்ளே.

“நான் குடிக்கிறதே இல்லையே மாமா”ன்னு மொகத்தப் பாவமா வச்சுக்கிடாதேயும். நானா கேட்டேன்? இந்த ஜி.ஜி.டி. ஒரு கோள்மூட்டி. சரக்கு உள்ள போனா ஏறும். நிறுத்தினா ரெண்டு மூணு வாரத்துல பாதிக்குப் பாதி எறங்கும். ஆபீஸ் பார்ட்டியெல்லாம் ஒரு மாசம் ஒதுக்கி வச்சிட்டு மறுபடியும் எடுத்துப் பாரும். எறங்கிருச்சுன்னா எங்க அண்ணன் மக கிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன். ரிப்போர்ட்டே சொல்லிரும்.

எறங்கலேன்னா வேற காரணம் தேடணும். வலிப்பு மாத்திரை மாதிரி சில மருந்தும் அத ஏத்தும். அதுவும் இல்லன்னா உம்ம தொந்தியத்தான் விசாரிக்கணும். கறிக்கடையில ஆட்டு ஈரலப் பாத்திருப்பீரே, கருஞ்செவப்பா மினுமினுன்னு. கொழுப்பு ஏறின மனுச ஈரல் அப்படி இருக்காது. மஞ்சப் பூத்து, தொட்டா எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும். நூத்துக்கு அஞ்சு பங்கு கொழுப்பத் தாண்டினாலே ஃபேட்டி லிவருதான். வந்தாலும் வலிக்காது, அதான் அதோட சாமர்த்தியம்.

அமெரிக்காவுல 1985-86ல 18 வயசுலேருந்து 30 வரைக்கும் உள்ள இளவட்டங்களச் சேத்து, 15 வருசம் பின்னாலயே போய்ப் பாத்திருக்கான். கார்டியா ஆய்வுன்னு பேரு. ஆரம்பத்துல ஜி.ஜி.டி. கூடுதலா இருந்தவங்களுக்குப் பின்னால சக்கரையும் பிரஷரும் அதிகமா வந்திருக்கு. அதுக்காக நொதிதான் பிரஷரத் தூக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதேயும். சிந்துன நெல்லா எலியப் பெத்துது? வயித்துக் கொழுப்பு ஈரலயும் கெடுக்கும். இன்சுலினோட பேச்சு எடுபடாமப் பண்ணி, உப்பக் கிட்னியில பிடிச்சும் வைக்கும். போதாக்கொறைக்கு, ரத்தக்குழாய இறுக்குற சரக்குக்கு மூலப்பொருளச் செய்யுறதும் ஈரலுதான். ஆஞ்சியோடென்சினோஜென்னு பேரு. அந்தப் பேர மனப்பாடம் பண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

சரி, அந்த மொதப் பக்கத்த இப்படிக் குடும். மூலையில நர்சு பேனாவுல கிறுக்கியிருக்கே, படிச்சீரா? 148/94. இதுக்கு ஏன் வே வட்டம் போடல? மிசினு ‘எச்’ அடிக்காததுனாலயா? 140/90 தாண்டினா என்னன்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான். 68க்கும் 92க்கும் டானிக்கு, 148க்கு மதியச் சாப்பாட்டுல ரெண்டு அப்பளமும் ஊறுகாயுமா?

“படியேறிப் போன படபடப்பு மாமா”ங்கீரு. இருக்கலாம். ஒரு தடவ பாத்ததவச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாதுதான். அப்ப நாளைக்கு நம்ம சுகாதார நிலையத்துக்குப் போவோம். அரை மணி நேரத்துக்கு முன்னாலேருந்து காபி, பீடி, சிகரெட்டு கூடாது. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகச் சாச்சு, ரெண்டு காலையும் தரையில ஊனி, அஞ்சு நிமிசம் வாயத் தொறக்காம உக்காரும். உமக்கு அதுதான் கஷ்டம். ஆறு பக்கத்தையும் டாக்டரம்மா கிட்டக் காட்டும், மொதப் பக்கத்த மேல வச்சு.

நர்சம்மா ஒம்பது மணிக்கு வந்துரும். காசு கிடையாது.