துருக்கி மாப்ளேவுக்குப் படப்பை மாமன் சொல்றது

வாடா மாப்ளே, உக்காரு. மாஸ்டர், நம்ம துருக்கிக்காரருக்கு ஒரு டீ போடு, சக்கரை தூக்கலா. இன்னாடா மொறைக்கறே? தாம்பரம் சண்முகம் ரோட்டுல நாலு பேரு முன்னால அப்படிக் கூப்பிட்டா வெக்கமா இருக்குதா? கம்ப்யூட்டர்ல ஊரு பேரை நீதானே அப்படிப் போட்டே?

என் தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா. முடிச்சூர் ரோட்டுல கல்யாண ஆல்பம், ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ற கடை வெச்சிருக்கே. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும். இங்க வருஷ சந்தா ஒரு விலை, துருக்கியில அதுல பாதிகூட இல்லை. நீ விபிஎன் போட்டு இஸ்தான்புல்லுல குந்திக்கிட்டு இருக்கற மாதிரி காட்டி, முகம் தெரியாத எவனோ ஒருத்தன் கார்டுல பணத்தைக் கட்ட வெச்சு, லைசென்ஸ் வாங்கிட்டே. மிச்சம் புடிச்ச காசுல வீட்டுக்கு பிரியாணி வேற. மூணாம் மாசம், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, அக்கவுன்ட் பூட்டிக்கிச்சு. பொண்ணு மாப்ளே படமெல்லாம் உள்ள, நீ வெளிய.

கெட்டிக்காரன்டா நீ. நான்தான் மக்கு. படப்பையிலேருந்து கீரை கொண்டாந்து, இங்க ட்ரெயின் ஏறி மாம்பலம் போறேன். இத்தனை வருஷமா முழு விலை சீசன் டிக்கெட்டு. காலேஜ் பசங்களுக்கு சலுகை சீசன் இருக்குது. உன் புத்தி எனக்கு இருந்திருந்தா மீசைக்கு மை தடவிக்கிட்டு, கிறிஸ்டியன் காலேஜ்ல முதல் வருஷம்னு சொல்லி கவுன்டர்ல நின்னிருப்பேன். அந்தக் காலேஜ் தாம்பரத்துக்கு வந்ததே 1937ல. என் மூஞ்சியைப் பாத்தா, கூடவே வந்த மொத பேட்ச்சுன்னு நம்பியிருப்பாங்க.

ஊருக்கு ஒரு விலைங்கற சங்கதியை நீதான் கண்டுபிடிச்சேன்னு நெனைச்சுக்காதே. ஆஸ்திரேலியாக்காரன் உனக்கு அண்ணன். ஒரே சாஃப்ட்வேரை அமெரிக்காவுல ஒரு விலைக்கும் தங்களுக்கு ரொம்ப ஒசந்த விலைக்கும் விக்கறாங்கன்னு அவங்களுக்கு ஆத்திரம். சாய்ஸ்னு அங்க ஒரு நுகர்வோர் சங்கம் கணக்குப் போட்டுக் காட்டுச்சு. மைக்ரோசாஃப்டோட ஒரு சரக்குக்கு, ஒரு ஆளுக்குக் கூலி குடுத்து, அமெரிக்காவுக்கு ரெண்டு தடவை விமானத்துல போய்வர வெச்சு, அங்க வாங்கிட்டு வந்தாலும் லாபந்தானாம். 2013ல ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி மூணு கம்பெனியையும் அந்த நாட்டுப் பார்லிமென்ட் கமிட்டி கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுது. நான் கீரைக்கட்டு விலையில வண்டிச் சத்தம் சேக்கறேன். வயர்ல வர்ற சரக்குக்கு எந்த லாரிக்குடா வாடகை?

இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? ட்ரெயின்ல எனக்கு எதிர் சீட்டு ஒரு ஐகோர்ட் குமாஸ்தா. நான் கீரைக்கட்டை நீட்டினா அவரு கேஸ்கட்டை அவுத்துடுவாரு.

அவரு சொன்ன ஒரு கதை கேளு. சுபாப் கிர்ட்சேங்னு தாய்லாந்துப் பையன், அமெரிக்காவுல படிக்கப் போனான். அங்க பாடப்புத்தகம் யானை விலை. அதே புத்தகம் அவன் ஊர்ல மலிவு. சொந்தக்காரங்களை வாங்கி அனுப்பச் சொல்லி, அங்க வித்துக் காசு பாத்தான். புத்தகக் கம்பெனி கேஸ் போட்டுது. 2013ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல ஆறு நீதிபதி பையன் பக்கம், மூணு பேரு எதிர்ப்பக்கம். காசு குடுத்து வாங்கின புத்தகம், வித்துக்கட்டும்னு தீர்ப்பு.

உடனே பல்லைக் காட்டாதே, கதை முடியலை. அதுக்கு மூணு வருஷம் முன்னால வெர்னர்னு ஒருத்தன் பழைய ஆட்டோகேட் டிஸ்க்கை வாங்கி இணையத்துல வித்தான். அது செல்லாதுன்னு அந்த நாட்டு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. அவனுக்கு அதை வித்தவனே அந்த டிஸ்க்குக்குச் சொந்தக்காரன் இல்லையாம், உபயோகிக்க அனுமதி வாங்கினவன் மட்டுந்தானாம். ஐரோப்பாவுல 2012ல கொஞ்சம் கருணை காட்டினாங்க. காலவரையில்லாத லைசென்ஸா இருந்தா, தன் கம்ப்யூட்டர்ல இருக்கறதைச் செல்லாம பண்ணிட்டு அடுத்தவனுக்கு விக்கலாம்னாங்க. அது ஐரோப்பாவுக்குள்ள வித்த சரக்குக்கு. உன் சந்தாவுக்கு அந்தக் கதவும் கிடையாது.

நம்ம ஊரு சங்கதியும் இருக்குது. வெளிநாட்டு சாஃப்ட்வேருக்குக் கட்டற காசு ராயல்டி, அதுல வரி புடின்னு வருமான வரிக்காரங்க வருஷக்கணக்கா கம்பெனிங்களோட மல்லு கட்டினாங்க. 2021 மார்ச்சுல நம்ம சுப்ரீம் கோர்ட் முடிச்சு வெச்சுது. வாங்கறவன் கையில காப்புரிமை எதுவும் வர்றதில்லை, உபயோகம் மட்டுந்தான் வருது, அதனால ராயல்டி இல்லைன்னுச்சு. வரி மிச்சம்னு கம்பெனிங்க பட்டாசு வெடிச்சிருக்கும். எனக்கு அதுல வேற ஒண்ணு கேட்டுது. என் கத்திரிக்காயை நீ வாங்கிட்டா கொத்சு வெப்பியோ, பக்கத்து வீட்டுக்கு விப்பியோ, எனக்குப் பேச்சில்லை. சாஃப்ட்வேர் அப்படி இல்லைடா. நீ வீடு வாங்கலை, குடித்தனம் வந்திருக்கே. அதுவும் வீட்டுக்காரன்கிட்ட பேரையும் ஊரையும் மாத்திச் சொல்லி.

"அவங்க மட்டும் யோக்கியமா மாமா?" அப்படித்தானே கேக்க வர்றே? கேளு, நல்ல கேள்வி. வெளிநாட்டுக் கம்பெனி எதுக்கு ஓஎம்ஆர்ல கண்ணாடி மாளிகை கட்டி வெச்சிருக்குது? கடல் காத்து வாங்கவா? அவங்க ஊர்ல ஒரு ஆளுக்குக் குடுக்கற சம்பளத்துல இங்க நாலு பசங்க கிடைக்கறாங்க. அவன் நம்ம ஊரு மூளையை நம்ம ஊரு விலைக்கு வாங்கிக்குவான். நீ மட்டும் அவன் சரக்கை அடுத்த ஊரு விலைக்கு வாங்கக் கூடாது. அநியாயந்தான். நானும் ஒத்துக்கறேன்.

ஆனா அவன் வேலியை எப்படித் தாண்டறான்னு பாரு. சானடோரியத்துல இறங்கி மெப்ஸ் கேட்டு வரைக்கும் போயிட்டு வா. 1984ல ஆரம்பிச்ச ஏற்றுமதி மண்டலம். மண்ணு நம்ம தாம்பரம் மண்ணு, சுங்கக் கணக்குல மட்டும் அது நாட்டுக்கு வெளிய. உள்ள செஞ்ச சட்டையை வெளிய கொண்டாந்து நம்ம மார்க்கெட்டுல வித்தா, இறக்குமதி மாதிரி சுங்கம் கட்டணும். அவன் தாம்பரத்தையே சட்டம் போட்டு வெளிநாடு ஆக்கிட்டுத் தாண்டறான். நீ மொதல்ல தாண்டிட்டு, காலு சிக்கினப்புறம் சட்டம் தேடறே. கேஸு வந்தா அவனுக்குக் காட்ட காகிதம் இருக்குது. உனக்கு இன்னா இருக்குது, விபிஎன்னா?

இன்னொரு வேடிக்கை சொல்லட்டா? நீ துருக்கிக்கு ஓடறே, வெளிநாட்டுக்காரன் இங்க ஓடி வர்றான். 2024ல யூடியூப் பிரீமியம் அமெரிக்காவுல மாசம் 13.99 டாலர், நம்ம ஊர்ல 149 ரூபா. உன்னை மாதிரி விபிஎன் போட்டு மலிவு நாட்டுக்காரன் வேஷம் கட்டினவங்க சந்தாவை அந்த வருஷமே கம்பெனி ரத்து பண்ணுச்சு. கூடுவாஞ்சேரிகிட்ட ஜிஎஸ்டி ரோட்டுல ஜோஹோ இருக்குதே, 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்ச கம்பெனி, அவங்களும் நமக்கு ரூபாயில ஒரு விலை, வெளியூர்க்காரனுக்கு டாலர்ல ஒரு விலைதான் வெச்சிருக்காங்க. ரேஷன் கடை மாதிரி நெனைச்சுக்கோ. அந்த விலை கார்டுக்குச் சொந்தக்காரனோட சட்டைப் பைக்குத் தெச்சது. வெளியாளுங்க வந்து வரிசையில நின்னா இன்னாகும்? கம்ப்யூட்டர் விளையாட்டு விக்கற ஸ்டீம் கடை 2023 நவம்பர்ல துருக்கி, அர்ஜென்டினா உள்ளூர்க் காசு விலையை எடுத்துட்டு டாலருக்கு மாத்திடுச்சு. காசு மதிப்பு தாறுமாறா ஆடுதுன்னு காரணம் சொன்னாங்க. அங்க வேஷம் கட்டின வெளியூர்க் கூட்டமும் கொஞ்சமில்லை. கடைசியில வேஷம் கட்டாத துருக்கிப் பையன் தலையில விடிஞ்சுது.

சரி, சிரிச்சது போதும், கணக்குக்கு வா. நீ ஜிஎஸ்டி நம்பர் வெச்சிருக்கற கடைக்காரன். உன் கடை பேருல முறையா வாங்கினா, கட்டற 18 சதவீதம் வரியை வரவு வெச்சுக்கலாம். துருக்கி பில்லுல துருக்கி வரிதான் இருக்கும், அதை நம்ம ஆடிட்டர்கிட்ட நீட்டினா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாரு. அடுத்து, இணையத்துல முந்நூறு ரூபாய்க்கு லைசென்ஸ் சாவி விக்கறானே, அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காதே. எவனோ கம்பெனிக்குன்னு மொத்தமா வாங்கின சாவி நூறு கை மாறி வரும், இல்லைன்னா திருட்டுக் கார்டுல வாங்கினதா இருக்கும். திருட்டு நகல்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல ஓட்டினா, காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுல ஏழு நாளுலேருந்து மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். 50,000லேருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். புழல் ஜெயில்ல பிரியாணி எந்தக் கிழமைன்னு எனக்குத் தெரியாது.

விலை கட்டுப்படி ஆகலைன்னா சும்மாவே குடுக்கறாங்களேடா. படத்துக்கு கிம்ப், எழுத்து அலங்காரத்துக்கு இங்க்ஸ்கேப், கணக்கு வழக்குக்கு லிப்ரே ஆபீஸ். எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க, கார்டும் வேணாம். பழக ஒரு மாசம் ஆகும். நீ துருக்கிக் கார்டு தேடி அலைஞ்சது எத்தனை நாளு? பெரிய சாஃப்ட்வேர் இல்லாம ஆகாதுன்னா, கல்யாண சீசன் மாசத்துக்கு மட்டும் சந்தா கட்டு, அந்தக் காசை ஆல்பம் விலையில ஏத்து. நான் மழைக்காலத்துல கீரை விலை ஏத்தலையா?

டீ ஆறுது, குடி. காசை இன்னைக்கு நீ குடு, ரூபாயிலயே குடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ மாப்ளே: எந்த பில்லுல உன் பேரும் உன் ஊரும் ஒழுங்கா இருக்குதோ, அந்தச் சரக்குக்குத்தான் நாளைக்கு நீ போய்ச் சண்டை போட முடியும்.