எண்ணெய் ஊரின் பிள்ளைகள்

விருதுநகரில் நாங்கள் வளர்ந்த காலத்தில் காற்றிலேயே எண்ணெய் வாசனை இருந்தது. மண்டித் தெருக்களில் நடந்தால் இந்தப் பக்கம் கடலை, அந்தப் பக்கம் எள், கொஞ்சம் தள்ளி மல்லியும் வற்றலும் என்று மூக்கே வழி சொல்லிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் செக்கடியில் தயங்கி நின்றால், கருப்பட்டி போட்டு ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கில் சூடு ஆறாத ஒரு துண்டை உடைத்துக் கையில் வைப்பார்கள், அந்தக் கசப்பும் இனிப்பும், உங்கள் ஊரிலும் ஒரு செக்கு ஓடியிருந்தால், இதைப் படிக்கும்போதே உங்களுக்கு நாவில் ஊறும். சாயங்காலம் எண்ணெய்ப் பரோட்டா. கல்லின் நடுப்பள்ளத்தில் நிற்கும் எண்ணெயில் மூழ்கி மொறுமொறுவென்று வெளியே வருவதை அண்ணாச்சி கையாலேயே நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றும்போது எழும் சத்தத்துக்காகவே நாங்கள் கல்லுக்குப் பக்கத்து பெஞ்சைப் பிடிப்போம்.

வீட்டில் வெண்ணெய் காய்ச்சுகிற நாளின் மகிழ்ச்சி வேறு மாதிரி. முருங்கை இலை பொரிகிற சத்தம் கேட்டதும் தங்கச்சியும் நானும் அடுப்படிக்கு வந்துவிடுவோம். நெய்யை வடித்த பிறகு சட்டியில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கசண்டில் அப்பத்தா சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, ஆளுக்கு ஓர் உருண்டை உள்ளங்கையில் வைப்பாள். இன்று நெய் ஜாடியில் கடையிலிருந்து வருகிறது, கசண்டு எந்தத் தொழிற்சாலையின் அடியில் தங்கிப்போகிறதோ, என் பேரப்பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த நாளில் உடம்பைச் சோதிப்பதென்றால் சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதுதான். டாக்டர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் கம்பவுண்டர், நீல நிறப் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலம் நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்குப் போனால், சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதரின் முகமும் மாறும். நான் அப்பாவோடு போய் அந்த நிறங்களை வேடிக்கை பார்த்த சிறுவன். நோயை நிறமாகக் கண்ணெதிரே காட்டிய அந்தக் குழாயின் அழகு, இப்போது கைபேசிக்கு வரும் நாலு பக்க அறிக்கையில் இல்லை. ஆனால் ரத்தக் குழாயில் என்ன படிகிறது என்று சொல்ல அந்தக் குழாய்க்கு வழியில்லை.

கொலஸ்ட்ரால் எங்கள் வீட்டுக்குள் வந்தது எண்பதுகளில், சூரியகாந்தி எண்ணெய் விளம்பரத்தோடு. டப்பாவின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். விலங்கின் உடம்பில் ஊறுவதுதான் கொலஸ்ட்ரால். வித்தில் பிழிந்த எண்ணெயில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு அது கிடையவே கிடையாது, எங்கள் ஊர்க் கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இது யாருக்கும் சொல்லப்படவில்லை. அம்மா பயந்து செக்கெண்ணெய்த் தூக்குவாளியைப் பரணில் ஏற்றினாள். அடுத்து முட்டையின் மஞ்சள் கரு போனது. அமெரிக்க இதய சங்கம் 1968-இல் நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தது. ஒரு முட்டையிலேயே இருநூறுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால் வீடு வீடாக மஞ்சள் கரு ஒதுங்கியது, பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்ற பாகத்தைப் பெரியவர்கள் பூனைக்கு வைத்தார்கள். அந்த 300 என்ற வரம்பை 2015-இல் அமெரிக்க உணவு வழிகாட்டுக் குழுவே எடுத்துவிட்டது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, உணவில் கொஞ்சம் கூடினால் பலருக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். ஏறுவதற்குப் பெரிய தூண்டுதல் நிறைகொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும்.

டிரான்ஸ் கொழுப்பு எங்கே இருந்தது? பலகாரக் கடையின் வனஸ்பதியில், பேக்கரி பிஸ்கட்டில், பப்ஸில். எல்.டி.எல்லை ஏற்றி, நல்லதான எச்.டி.எல்லை இறக்கும் அந்தப் பொருளை நாங்கள் மஞ்சள் கருவை ஒதுக்கிய அதே வருடங்களில் தீபாவளிக்குத் தீபாவளி தட்டு நிறையத் தின்றோம். எண்ணெய், கொழுப்புகளில் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022-இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று, குவியல் குவியலாக வெள்ளைச் சோறு. தமிழ்நாட்டையும் சேர்த்து நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வொன்றில் மிக அதிகம் பேரிடம் தெரிந்த குறை எச்.டி.எல். போதாமைதான், பத்தில் ஏழு பேருக்கு அது இருந்தது. அதற்கடுத்த இடம், ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பதற்கு. மாவுச்சத்தும் உட்கார்ந்த வேலையும் சேர்கிற இடத்தில் இவை இரண்டும் இப்படித்தான் நிற்கும். இழந்த ருசிகளை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் வருவது இங்கேதான்: விட்டுக்கொடுத்ததில் பாதி விட்டுக்கொடுக்கத் தேவையில்லாதது.

ஆனாலும் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னால் போக மாட்டேன். காரணம் பெரியப்பா. மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, ஐம்பது வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முதல் நாள்தான் வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் ‘படுத்துக் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார், கொடுத்து வைத்தவர்’ என்றார்கள், பெரியம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அப்பாவும் அறுபதைத் தொடவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

பிறகு என் அறிக்கையில் எல்.டி.எல். 190-ஐத் தாண்டி நின்றபோது டாக்டர் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவையும் பெரியப்பாவையும் பற்றிக் கேட்டார். அந்த அளவுக்கு மேல் போனால் பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டுமாம். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்க ராத்திரி நான் விழுங்கும் ஸ்டாடின் மாத்திரையின் கதை இன்னும் பிடிக்கும்: ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் அதன் முன்னோடியை எடுத்தது, கியோட்டோவின் தானியக் கடை ஒன்றில் கிடைத்த அரிசியில் படிந்த பூஞ்சையிலிருந்து. பெரியப்பா மண்டியில் மூட்டைக்கு மூட்டை பூஞ்சை தட்டிப் போட்டவர்.

பெரியப்பா மகன், என் அண்ணன், இதுவரை ஒரு முறைகூட ரத்தம் கொடுத்ததில்லை. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி, காலைக் காப்பி கிடையாது என்ற பழைய கட்டளையே அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது. கொழுப்புச் சோதனைக்குப் பெரும்பாலோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ட்ரைகிளிசரைடு மிக ஏறியிருந்தால் மட்டும் மறுபடி வெறும் வயிற்றில் பார்ப்பார்கள் என்று விளக்கினேன்.

“அப்போ காப்பி குடிச்சிட்டு வரலாமாடா?”

“இட்லியும் சாப்பிட்டுட்டே வாங்கண்ணே.”

வருகிற திங்கட்கிழமை போகிறோம். மகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு முப்பது ஆகிறது. அண்ணனுடைய எண் எங்கள் குடும்பத்து எண்ணாக இருந்தால், அவளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.